லோஃப்ட்டா, பின்பக்க எக்ஸ்டென்ஷனா: இங்கிலாந்தில் வீட்டைப் பெருப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் ஒரு தமிழ் வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்தாலோ, ஊரிலிருந்து அம்மா வந்து தங்கப்போகிறார் என்றாலோ, தேத்தண்ணியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் மேசைக்கு வந்துவிடும். மேலே கூரைக்குள் அறை எழுப்புவதா (லோஃப்ட்), வீட்டைப் பின்னால் இழுப்பதா (எக்ஸ்டென்ஷன்)? வந்திருக்கிற எல்லோரிடமும் பதில் இருக்கும். லோஃப்ட் செய்தவர் லோஃப்ட் என்பார், எக்ஸ்டென்ஷன் போட்டவர் எக்ஸ்டென்ஷன் என்பார்.

நான் இரண்டையும் செய்தவன், அதுவும் பிழையான ஒழுங்கில். முதலில் பின்பக்கத்தை உடைத்துப் பெரிய குசினி கட்டினேன். ஆறு வருடம் கழித்து லோஃப்ட் செய்தபோது, முதலில் உடைத்த சுவர் ஒன்றைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. அந்தக் கதை கீழே வரும். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கானவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அளவுகள் வேறு.

1. நெருக்கடி பகலிலா, இரவிலா?

எந்த பில்டரையும் கூப்பிட முன்னர், ஒரு கிழமைக்கு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். வீட்டில் யாருக்காவது இடம் போதாமல் போகும் ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் இடத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். "காலை 7.30, பாத்ரூம் வாசல்." "மாலை 6, சாப்பாட்டு மேசை, அக்கா படிக்கிறாள்." "இரவு 10, தம்பியின் கட்டில்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால் பத்தில் ஏழு வரி பாத்ரூம் வாசலும் படுக்கையறையுமாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் எழுதவில்லை. தெருவில் மூன்று வீடுகளில் கண்ணாடிக் கூரையோடு குசினி எழும்பியிருந்தது, எங்களுக்கும் ஆசை வந்தது. கட்டி முடிந்ததும் வடிவான குசினிதான். ஆனால் காலை 7.30க்குப் பாத்ரூம் வாசலில் அதே வரிசை.

இரவு நெருக்கடி, அதாவது கட்டில், பாத்ரூம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குத் தனி அறை என்றால் லோஃப்ட் பக்கம் பாருங்கள். பகல் நெருக்கடி, அதாவது சமையல், சாப்பாடு, விருந்தாட்கள், விளையாடுகிற சின்னப்பிள்ளை என்றால் பின்பக்கம். படி ஏற முடியாத ஒருவர் வீட்டில் இருந்தாலோ, அடுத்த பத்து வருடத்துக்குள் வரப்போகிறார் என்றாலோ, மற்ற எல்லாக் கணக்கையும் தள்ளி வைத்துவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு குளியலறைக்கு இடம் ஒதுக்குங்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ வந்தபோது முன்னறையில் கட்டில் போட்டோம். குளிக்க மட்டும் ஒவ்வொரு நாளும் 13 படி ஏறினார். ஆறு மீற்றர் அகலக் குசினியில் ஒன்றரை மீற்றரை ஒரு ஷவருக்கு விட்டிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

2. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்

டோர்ச், அளவுநாடா, பழைய உடுப்பு. லோஃப்ட்டுக்குள் ஏறி, கூரையின் நடு முகட்டுக்கு நேர் கீழே நில்லுங்கள். மிதிக்கும்போது மரங்களின் மேல் மட்டும் மிதியுங்கள். இடையில் கால் வைத்தால் கீழே படுக்கையறையில் கால் தெரியும். அந்த மரத்தின் மேல்விளிம்பிலிருந்து முகட்டு மரத்தின் அடிவரை அளக்க வேண்டும்.

2.2 மீற்றருக்குக் குறைவாக வந்தால் பில்டர்கள் தலையைச் சொறியத் தொடங்குவார்கள். காரணம் எளியது: அந்த உயரம் முழுதும் உங்களுக்குக் கிடைக்காது. இப்போது இருக்கும் மரங்கள் கீழ் அறையின் சீலிங்கைத் தாங்க மட்டுமே போட்டவை, பெரும்பாலும் நாலுக்கு இரண்டு அங்குலம். ஆட்கள் நடமாடும் தளத்துக்கு இன்னும் தடித்த மரங்கள், அவற்றைத் தாங்கச் சுவரிலிருந்து சுவருக்கு ஸ்டீல் பீம் எல்லாம் வரும், தளம் மேலே எழும்பும். மேலே கைமரங்களுக்கு இடையிலும் கீழிலும் குளிர்காப்பு வரும், கூரை கீழே இறங்கும். 2.2இல் இரண்டு பக்கமும் கடித்தது போக மிச்சம் ஏறக்குறைய ஒரு ஆளின் உயரம். 2.4 இருந்தால் நிம்மதி.

அடுத்தது கூரையின் வகை. 1930களில் கட்டிய செமி வீடுகளில் (ஒரு பொதுச்சுவரில் ஒட்டிய இரட்டை வீடுகள்) கைமரங்கள் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், நடுவே வெளியாக இருக்கும். இது நல்ல சாதி. 1960களுக்குப் பிந்தைய வீடுகள் பலவற்றில் ஆங்கில டபிள்யூ எழுத்துப்போல மரங்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். அதையும் மாற்றலாம், ஆனால் ஒரு மரத்தை அறுத்தாலும் கூரை முழுதும் வேறு தாங்குதல் கேட்கும். ஸ்டீலும் கூடும், காசும் கூடும்.

ஏறியிருக்கும்போதே இன்னும் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணித் தாங்கி இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துவிட்டு வெந்நீர் முறையையே மாற்ற வேண்டியிருக்கும், பில்டரின் முதல் விலையில் இது அநேகமாக இராது. புகைபோக்கியின் செங்கல் கட்டு மேலே இருக்கிறது, கீழ் அறைகளில் காணவில்லையா? பழைய சொந்தக்காரர் கீழே உடைத்து எடுத்திருக்கிறார். மேலே உள்ளது எதில் நிற்கிறது என்று பொறியியலாளரைக் கேட்கவேண்டும். மூன்றாவது வௌவால். சிரிக்க வேண்டாம், இந்த நாட்டில் வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்புள்ளவை. எச்சம் கிடந்தால் வேலை தொடங்க முன் நிபுணர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

படிக்கட்டை மறக்காதவர் அரிது. லோஃப்ட்டுக்கு ஏறும் படி எங்கிருந்தாவது தொடங்க வேண்டும், எங்காவது முடிய வேண்டும். வழமையாக இருக்கும் படிக்கு மேலேயே அடுத்த படியைப் போடுவார்கள். சில வீடுகளில் சின்ன அறையிலிருந்து ஒரு துண்டு போகும். படிக்கு மேலே 2 மீற்றர் தலைவெளி வேண்டும். லோஃப்ட் என்பதால் சாய்வுக்கூரையின் கீழ் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை விட்டுக்கொடுப்பார்கள். "நாலு அறை வீடு ஐந்து அறை வீடாகும்" என்று ஒருவர் சொன்னால், படி எந்த அறையைத் தின்கிறது என்று கேளுங்கள்.

3. பிறகு பின் வளவுக்குப் போங்கள்

மழை விட்ட ஒரு நாளில் போனால் இன்னும் நல்லது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் தெரியும். முதலில் மேன்ஹோல் மூடியைத் தேடுங்கள். வரிசை வீடுகளிலும் செமிகளிலும் பல வீடுகளின் கழிவுக் குழாய் பின்வளவுகளூடாகத்தான் ஓடும். 2011 ஒக்ரோபரிலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் பாவிக்கும் குழாய் உங்கள் வளவுக்குள் கிடந்தாலும் தண்ணீர் நிறுவனத்தினுடையது. அதற்கு மேலேயோ 3 மீற்றருக்குள்ளோ கட்டுவதற்கு அவர்களின் உடன்பாடு வேண்டும். மூடி உங்கள் புதுக் குசினியின் நடுவில் வரப்போகிறது என்றால் பெரும்பாலும் அதை வெளியே நகர்த்தச் சொல்வார்கள். வேலை தொடங்கிய பின் தெரிந்தால் குழி தோண்டியபடி கிடக்கும், ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது மரங்கள், பக்கத்து வீட்டு மரமும் சேர்த்து. லண்டனின் பெரும்பகுதி களிமண். மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். மரம் பக்கத்தில் இருந்தால் வேர் தண்ணீரை உறிஞ்ச, இன்னும் கூடச் சுருங்கும். அத்திவாரம் ஒரு மீற்றர் ஆழம் என்று விலை எழுதியிருப்பார்கள். எங்கள் குழியைப் பார்க்க, கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் பரிசோதகர் வந்தார். குனிந்து, பழுப்பு மஞ்சள் களியை ஒரு கட்டி எடுத்து இரண்டாகப் பிட்டார். உள்ளே தலைமயிர் தடிப்பில் வேர்கள். பக்கத்து வளவு மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் கீழே போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அதைத்தான் சொன்னார். தோண்டின மண்ணுக்கு ஸ்கிப், நிரப்ப கொங்கிறீட், எல்லாம் மேலதிகம். எக்ஸ்டென்ஷனில் காசு மறைந்திருப்பது மண்ணுக்கு அடியில்தான். லோஃப்ட்டில் இந்த ஆபத்து குறைவு, நீங்கள் வாங்குவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறது.

வெளிச்சத்தையும் யோசியுங்கள். பின்னால் 4 மீற்றர் நீட்டினால் இப்போதைய பின்னறை நடு அறையாகிவிடும், யன்னல் இல்லாமல். பகலிலும் விளக்குப் போடும் அறை ஒன்றை உண்டாக்கிவிட்டு, அதில் துணி காயப்போடும் வீடுகள் எத்தனையோ.

4. அனுமதி: எது தானாகக் கிடைக்கும், எதற்குக் கேட்க வேண்டும்

கவுன்சிலிடம் பிளானிங் பெர்மிஷன் கேட்காமலே செய்யக்கூடிய அளவு ஒன்று இருக்கிறது. அதை பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்பார்கள். ஃபிளாட்டுகளுக்கு இது இல்லை. பழைமை பேணும் பாதுகாப்புப் பகுதி (கொன்சர்வேஷன் ஏரியா) என்று அறிவித்த இடங்களில் லோஃப்ட்டுக்கு டோர்மர், அதாவது கூரைச் சாய்விலிருந்து பெட்டிபோல வெளியே எழும்பும் பகுதி, எழுப்ப இந்த உரிமை இல்லை.

லோஃப்ட்டுக்குக் கூரையில் கூடும் கனவளவுதான் கணக்கு. வரிசை வீட்டுக்கு 40 கன மீற்றர், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50. வீதியைப் பார்க்கும் முன் சாய்வைத் தாண்டி எதுவும் எழும்பக்கூடாது, முகட்டை விட உயரக்கூடாது, பின் டோர்மர் கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 20 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி நிற்கவேண்டும். பல்கனி கிடையாது. பக்கத்து வீட்டைப் பார்க்கும் யன்னலுக்கு மங்கல் கண்ணாடி, தளத்திலிருந்து 1.7 மீற்றருக்குக் கீழே திறக்காமலும் இருக்கவேண்டும்.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு 1930களின் செமியை வைத்துப் பார்ப்போம். பக்கக் கூரை சாய்ந்திருப்பதை நேர்ச்சுவராக நிமிர்த்தினால், கூடும் அளவு நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஆறால் பிரித்தது. கூரையின் முன்பின் அகலம் 7.5 மீற்றர், உயரம் 2.6, சாய்வின் கிடை நீளம் 3.75 என்றால் ஏறக்குறைய 12 கன மீற்றர். பின் டோர்மர் 6 மீற்றர் அகலம், 2.4 உயரம், 3.5 ஆழம், இவற்றைப் பெருக்கி இரண்டால் பிரித்தால் 25. மொத்தம் 37. செமிக்குரிய 50க்குள் அடங்குகிறது. பழைய சொந்தக்காரர் ஏற்கெனவே கூட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

பின்பக்கத்துக்கு ஒரு தள எக்ஸ்டென்ஷன் என்றால், மூல வீட்டின் பின்சுவரிலிருந்து வரிசை வீட்டுக்கும் செமிக்கும் 3 மீற்றர், தனி வீட்டுக்கு 4. மூல வீடு என்பது 1948 ஜூலை 1ஆம் திகதி இருந்தபடி, அதற்குப் பின் கட்டியதென்றால் கட்டியபடி. உயரம் 4 மீற்றருக்குள், எல்லைக்கு 2 மீற்றருக்குள் வந்தால் கூரை விளிம்பு 3 மீற்றருக்குள். மூல வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது, தோட்டத்து ஷெட்டும் அதில் சேர்த்தி. இன்னும் நீளம் வேண்டுமென்றால் 6 மீற்றர், தனி வீட்டுக்கு 8 வரை போகலாம், ஆனால் கவுன்சிலுக்கு முன்கூட்டி அறிவிக்கவேண்டும். அவர்கள் அயலவர்களுக்குக் கடிதம் போடுவார்கள், 42 நாளுக்குள் பதில் வரும். பின்னுக்கும் பக்கத்துக்கும் சேர்த்து வீட்டைச் சுற்றி எல் வடிவில் கட்டுவதென்றால், முழு பிளானிங் விண்ணப்பம்தான்.

உங்கள் வேலை அளவுக்குள் அடங்கினாலும், சட்டப்படியானது என்ற சான்றிதழை கவுன்சிலிடம் எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரலில் முழு விண்ணப்பக் கட்டணம் 258இலிருந்து 528 பவுண்ஸாக ஏறியது, சான்றிதழுக்கு அதில் பாதி. வீடு விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி முதல் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

5. தீ: இரண்டு திட்டங்களும் மோதும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள். பிளானிங் வேறு, எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. முதலாவது தேவையில்லாத வேலைக்கும் இரண்டாவது கட்டாயம் வேண்டும்.

இரண்டு தள வீட்டில் தீ பிடித்தால் மேல் யன்னலால் தொங்கியாவது குதிக்கலாம். லோஃப்ட் செய்த பிறகு வீடு மூன்று தளம். மேல் தளம் நிலத்திலிருந்து 4.5 மீற்றருக்கு மேலே போய்விட்டால் யன்னலைத் தப்பும் வழியாக ஏற்கமாட்டார்கள். அதனால் லோஃப்ட் கதவிலிருந்து வீட்டு முன்கதவு வரை, படியும் ஹோலும் சேர்ந்த பாதை முழுவதும் அரை மணி நேரம் தீயைத் தாங்கும் சுவருக்குள் இருக்கவேண்டும். அந்தப் பாதையில் திறக்கும் அறைக் கதவுகள் தீக்கதவுகளாக வேண்டும். விதி கேட்பது 20 நிமிடம், பில்டர்கள் போடுவது பெரும்பாலும் 30 நிமிடக் கதவு. ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் வேலை செய்யும், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்களும் வேண்டும்.

இப்போது என் கதை. எக்ஸ்டென்ஷன் கட்டும்போது "எல்லாம் திறந்தபடி இருந்தால் வடிவு" என்று ஹோலுக்கும் முன்னறைக்கும் இடையிலான சுவரை எடுத்துவிட்டோம். முன்கதவைத் திறந்தால் படி, சோஃபா, குசினி, தோட்டம் எல்லாம் ஒரே பார்வையில். ஆறு வருடம் கழித்து லோஃப்ட் வரைபடத்தோடு வந்தவர் முன்கதவடியில் நின்று, "மேலே படுக்கிற பிள்ளை எந்த வழியால் இறங்கும்?" என்று கேட்டார். அடுப்படியூடாகத்தான். தீ பிடிக்கிறதென்றால் அங்கேதான் பிடிக்கும். இரண்டு வழி இருந்தது: சுவரைத் திரும்பக் கட்டுவது, இல்லையென்றால் தண்ணீர் தூவும் தீயணைப்பு முறை பொருத்தி அதற்குப் பரிசோதகரின் சம்மதம் வாங்குவது. சுவரைக் கட்டினோம். உடைக்கக் கொடுத்த காசையும் கட்டக் கொடுத்த காசையும் மனைவி இன்றும் சேர்த்தே சொல்வார்.

ஒரு நன்மை உண்டு. பழைய குசினியில் மீன் பொரித்தால் மணம் நேரே படியேறி அலுமாரித் துணியில் குடியிருக்கும். தீக்கதவு வந்ததும் அது நின்றது. எங்கள் சமையலுக்குத் திறந்த குசினி என்பது யோசிக்கவேண்டிய விஷயம்தான். கட்டுவதென்றால் புகையை வெளியே தள்ளும் குழாயுள்ள எக்ஸ்ட்ராக்டர் போடுங்கள். காற்றைச் சுற்றி உள்ளேயே விடுவது தாளிதத்துக்குப் போதாது.

எக்ஸ்டென்ஷனுக்குரிய விதி ஒன்று: கண்ணாடியின் பரப்பு புதுத் தளத்தின் 25 வீதத்தோடு, கட்டும்போது மூடுண்ட பழைய யன்னல் கதவுகளின் பரப்பையும் சேர்த்த அளவுக்குள். மீறினால் வெப்ப இழப்பை வேறு வழியில் ஈடுசெய்து காட்டவேண்டும். லோஃப்ட்டுக்கு எதிர்ப் பிரச்சினை, கோடை. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவாகியது. அப்படியான நாட்களில் ஓட்டுக்குக் கீழே படுப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். கூரை யன்னலுக்கு வெளிப்பக்கத் திரை போடுங்கள், உள்திரை அவ்வளவு உதவாது. எதிரெதிராக இரண்டு யன்னல் திறக்கவும் வழி வையுங்கள்.

6. பக்கத்து வீட்டுக்காரர்

1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் (பொதுச்சுவர்) சட்டம் இரண்டு வேலையிலும் குறுக்கே வரும். லோஃப்ட் பீமைப் பொதுச்சுவரில் செருகுவதென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அவர் கட்டடத்துக்கு 3 மீற்றருக்குள் அவருடைய அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றாலோ, எல்லைக் கோட்டில் புதுச் சுவர் எழுப்புவதென்றாலோ ஒரு மாதம். முதல் இரண்டு வேலைக்கும் 14 நாளுக்குள் அவர் எழுத்தில் சம்மதிக்கவில்லையென்றால் பிணக்கு என்றே கொள்ளப்படும், சர்வேயர் நியமிக்கவேண்டும். அவருடைய சர்வேயருக்கும் வழமையாக நீங்களே காசு கட்டுவீர்கள்.

அறிவித்தல் தபாலில் போய்ச் சேர முன்னர், வடை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வரைபடத்தோடு நேரில் போங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சட்டப் பாஷையில் ஒரு கடிதம் முதலில் போனால் எந்த நல்ல மனிதரும் வெருண்டுபோவார். அவருடைய பக்கச் சுவர்களையும் சீலிங்கையும் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னர் "இந்த வெடிப்பு புதுசு" என்ற பேச்சுக்கு இடமில்லை.

7. காசு

லண்டன் பக்கம் 2024, 2025இல் என் காதுக்கு வந்த விலைகள்: ஒரு படுக்கையறையும் குளியலறையும் உள்ள டோர்மர் லோஃப்ட் 65,000 முதல் 90,000 பவுண்ஸ். ஒரு தள எக்ஸ்டென்ஷன் சதுர மீற்றருக்கு 2,500 முதல் 3,500, குசினி அலுமாரிகள், தளவோடு, அடுப்பு எல்லாம் தனி. பார்க்க எக்ஸ்டென்ஷன் மலிவு போலிருக்கும். 18 சதுர மீற்றருக்கு 54,000 என்று கணக்குப் பார்த்துவிட்டு, குசினிக்கு 15,000, அத்திவாரத்துக்கு 5,000, உடைத்த பழைய தளத்துக்கு இன்னொரு தொகை என்று ஏறும். விலைப்பத்திரத்தின் அடியில் சின்ன எழுத்தில் "வாட் சேர்க்கவில்லை" என்று இருந்தால் 20 வீதத்தைக் கூட்டித்தான் ஒப்பிடவேண்டும். கட்டுமானத்துக்கு வெளியே வரைபடம், பொறியியலாளர், பில்டிங் கன்ட்ரோல், பார்ட்டி வோல் சர்வேயர். மொத்தத்தில் பத்திலொரு பங்கைக் கைக்காவலாக ஒதுக்கி வையுங்கள், எக்ஸ்டென்ஷனுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

"இதற்குப் பெரிய வீடாகவே மாறிவிடலாமே" என்ற யோசனையையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். 2025 ஏப்ரலுக்குப் பின் 650,000 பவுண்ஸ் வீடு வாங்கினால் முத்திரை வரி மட்டும் 22,500. அது யாருக்கும் ஒரு அறையையும் கட்டித் தராத காசு.

மேலதிக அறையை வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு: நீங்கள் இருக்கும் வீட்டிலேயே தளபாடத்தோடு ஒரு அறை விட்டால் வருடம் 7,500 பவுண்ஸ் வரை வரியில்லை. பல குடும்பங்களைச் சேர்ந்த பலரை வைத்தால் கவுன்சிலின் உரிம விதிகள் வந்துவிடும். உடல் ஏலாதவர் ஒருவருக்காகக் கீழ்க் குளியலறை கட்டுவதென்றால், ஊனமுற்றோர் வசதி மானியம் இங்கிலாந்தில் 30,000 வரை உண்டு. பெரியவர்களுக்கு வருமானம் பார்த்துத் தருவார்கள், வேலை தொடங்க முன் விண்ணப்பிக்கவேண்டும்.

விற்பனை விலையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். என் கணிப்பு: மூன்று அறை வீடு நாலு அறையும் இரண்டு பாத்ரூமும் ஆவதை வாங்குபவர் உடனே எண்ணிவிடுவார், குசினி பெரிதானதை ரசிப்பார். பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்றிதழ் இல்லாத லோஃப்ட்டைப் படுக்கையறை என்று விளம்பரத்தில் போட முடியாது, அப்போது அது விலை உயர்ந்த பெட்டியறைதான்.

8. வேலை நடக்கும்போது எங்கே சமைப்பது?

லோஃப்ட் வேலை 8 முதல் 12 கிழமை. ஆட்கள் சாரத்தால் ஏறி இறங்குவார்கள். படி உடைத்து இறங்கும்வரை வீட்டுக்குள் பெரும்பாலும் சத்தம் மட்டும்தான். படி வரும் கிழமை தூசி, அதற்கு மட்டும் பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பலாம்.

எக்ஸ்டென்ஷன் 12 முதல் 16 கிழமை, மண் சதி செய்தால் இன்னும் கூட. இதில் குசினியே போய்விடும். எங்களுக்கு ஒன்பது கிழமை முன்னறையில் ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர், ஒற்றை அடுப்பு. சட்டி பானை குளியல் தொட்டியில் கழுவினோம், முதுகு இன்னும் அதை மறக்கவில்லை. பில்டரிடம் முதலிலேயே இரண்டு கேளுங்கள்: புதுப் பகுதி கூரையோடு மழை புகாமல் மூடிய பிறகுதான் பழைய பின்சுவரை உடைக்கவேண்டும், பழைய சிங்கைத் தற்காலிகமாக எங்காவது பொருத்தித் தரவேண்டும். இரண்டாவதை மறுக்கிறவர்கள் குறைவு, கேட்கிறவர்கள்தான் குறைவிலும் குறைவு.

9. ஒருநாள் இரண்டும் செய்வீர்கள் என்றால்

இப்போது ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, ஆனால் மற்றதும் மனதில் இருக்கிறது என்றால், பொறியியலாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பின்சுவரை உடைத்து வைக்கும் ஸ்டீல், பிறகு வரும் லோஃப்ட்டின் பாரத்தையும் தாங்கும் அளவில் இருந்தால் இன்று கொஞ்சம்தான் கூடும். பிறகு அந்த பீமை மாற்றுவதென்றால் புதுக் குசினியின் சீலிங்கைப் பிரிக்கவேண்டும்.

எதை முதலில்? என்னைக் கேட்டால் லோஃப்ட். எக்ஸ்டென்ஷனின் மேல் கண்ணாடி லான்டர்ன் (எழும்பி நிற்கும் கண்ணாடிக் கூரை) போட்டுவிட்டால், லோஃப்ட்டுக்குச் சாரம் கட்டுபவர் அதன் மேல் பாலம் கட்டவேண்டும். எங்கள் சாரக் கூலி அதனால்தான் வீங்கியது. லோஃப்ட்டின் குளியலறைக் கழிவுக் குழாய் பின்சுவரால் இறங்கும்போது கீழே எக்ஸ்டென்ஷன் கூரை குறுக்கே நிற்காது. பொயிலரையும் மின்சாரப் பெட்டியையும் ஒரே தடவையில் மொத்தத் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் படி ஏற முடியாதவர் வீட்டில் இருந்தால் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள், ஹோல் சுவரை மட்டும் தொடவேண்டாம்.

10. பில்டரும் பேப்பரும்

குறைந்தது மூன்று பேரிடம், ஒரே வரைபடத்தையும் பொறியியலாளரின் கணக்கையும் கொடுத்து விலை கேளுங்கள். வரைபடம் இல்லாமல் வாங்கும் விலை மூன்று வெவ்வேறு வீடுகளுக்கான விலை. "எங்கட ஆள்தான், பேப்பர் எதுக்கு" என்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், கட்டம் கட்டமாகக் கொடுப்பனவு: அத்திவாரம் பரிசோதகர் பார்த்த பின் ஒன்று, கூரை மூடிய பின் ஒன்று, பூச்சு முடிந்த பின் ஒன்று. நாங்கள் கூரைக்கான தவணையைக் கூரைக்கு முன்னரே கொடுத்தோம், "சாமான் எடுக்கவேண்டும்" என்றார். மூன்று கிழமை ஆளைக் காணவில்லை, தார்ப்பாயில் தேங்கிய மழை இரண்டு தடவை உள்ளே ஊற்றியது. நல்ல மனிதர்தான், என் காசில் வேறொரு வீட்டுக் கூரையை முடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அடமான வங்கிக்கும் வேலை தொடங்க முன் அறிவியுங்கள். 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய வீடென்றால், பழைய சுருள் பூச்சுச் சீலிங்கிலும் தண்ணித் தாங்கியிலும் ஆஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், உடைக்க முன் சோதிப்பியுங்கள். கவுன்சில் வரி இதனால் உடனே ஏறாது, வீடு கைமாறும்போதுதான் திரும்பப் பார்ப்பார்கள்.

கடைசித் தவணையாக மொத்தத்தில் 5 வீதமாவது கையில் வைத்திருங்கள். சுவரின் நிறமும் கதவின் பிடியும் அதற்குக் காரணமில்லை. பில்டிங் கன்ட்ரோலின் முடிவுச் சான்றிதழ் உங்கள் பெயரில், உங்கள் முகவரியோடு கைக்கு வந்த பிறகு அந்தக் காசைக் கொடுங்கள். எங்களுக்கு அது வர, வேலை முடிந்து நாலு மாதம் எடுத்தது. குறை ஒரு புகை அலாரம். அந்த 5 வீதம் எங்கள் கையில் இருந்தபடியால்தான் அதைப் பூட்ட ஆள் திரும்பி வந்தார்.